ஒரு பீடம், இரண்டு பெயர்: கிரேக்கச் சிலைப் பீடங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கக் கல்வெட்டு படிக்க வரும் புதியவர்களோடு இந்த வருடமும் உட்கார்ந்தேன். நான் வழுக்கி விழுந்த அதே இடத்தில் அவர்களும் விழுகிறார்கள். எழுத்தை மாற்றிப் படிப்பதெல்லாம் பழகினால் சரியாகிவிடும்; அதை விட்டுவிடுகிறேன்.

வினைச்சொல்லைத் தேடி அலைவது

ஏதென்ஸ் அக்ரோபோலிஸுக்கு ஏறும் வழியில், வாயிலுக்கு முன் இடப்பக்கம், சாம்பல் நிறப் பீடம் ஒன்று உயர்ந்து நிற்கிறது. அதன் வாசகம் இவ்வளவுதான்: "மக்கள், லூக்கியுஸின் மகனும் மூன்று முறை கான்சலும் தங்களுக்கு நன்மை செய்தவருமான மார்க்குஸ் அக்ரிப்பாவை." அக்ரிப்பா ரோமர்; கான்சல் என்பது ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவி. வாசகத்தில் வினை கிடையாது. "கௌரவித்தார்கள்" என்பதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வேற்றுமையில் வரும் பெயர்தான் மேலே சிலையாக நின்றவர். "ஐ" உருபோடு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபட வேண்டும்.

சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதைச் சான்றாகக் காட்டுவது

அது பதிப்பாசிரியரின் ஊகம். கல்லில் இல்லை.

பீடத்துக்கு ஒரே வயது என்று நம்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. என் ஆய்வில் ஓர் அத்தியாயத்தையே இது தின்றுவிட்டது. ஒரு பீடத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் ஊருக்கு உபகாரம் செய்த ரோமர் ஒருவரின் பெயர். அடியில் சின்ன எழுத்தில் "இன்னார் செய்தார்" என்று சிற்பியின் கையொப்பம். இரண்டையும் ஒரே வாசகமாகப் படித்தேன். ரோமரின் காலம் தெரியும், ஆகவே சிற்பியும் கி.மு. முதல் நூற்றாண்டு என்று முடிவு கட்டி, அந்தச் சிற்பிக்கு ஒரு பட்டறையும் சீடர்களும் வரை எழுதித் தள்ளினேன். நான்கு மாத வேலை.

ஆசிரியர் தாளைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "கல்லைத் தடவிப் பார்த்தாயா?" மறுபடி போய்த் தடவினேன். ரோமரின் பெயர் இருந்த பகுதி மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் பழைய எழுத்துகளின் அடிக்கோடுகள் நிழலாக எழுந்தன. கையொப்பத்தில் ஆல்பா (Α) எழுத்தின் குறுக்குக்கோடு நேராக இருந்தது; அது பழைய வடிவம். ரோமரின் பெயரிலோ நடுவில் ஒடிந்திருந்தது. சிற்பி இருநூறு வருடம் முந்தியவர். முதலில் நின்றவரின் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு, கையொப்பத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

இது அபூர்வமும் அல்ல. கிரேக்கத்தில் ஓரோபோஸ் ஊருக்கு அருகே, அம்ஃபியராவோஸ் என்ற வீரனின் கோயிலில் வரிசையாக நிற்கும் பீடங்களில் இப்படி ரோமர்களுக்கு மாற்றிக் கொடுத்தவை பல. அக்ரிப்பாவின் பீடமும் அப்படித்தான்: முதலில் அது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஆசியா மைனரில் இருந்த பெர்கமோன் நாட்டு அரசர் ஒருவரின் நாற்குதிரைத் தேரைத் தாங்கியது. அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சலானது கி.மு. 27இல். அந்தக் காலத்து ஆட்களுக்கே இந்த வழக்கம் பிடிக்கவில்லை. கி.மு. 50இல் ஏதென்ஸில் தனக்குச் சிலை வைப்பார்களோ என்ற பேச்சில், பிறர் சிலைமேல் பொய்ப் பெயர் பொறிப்பதை வெறுக்கிறேன் என்று ரோமானிய அரசியல்வாதி சிசரோ கடிதம் எழுதினார். கிரேக்கப் பேச்சாளர் டியோ கிரிசோஸ்தோம் ரோட்ஸ் தீவு மக்களிடம் நீளமாக வாதாடினார்: உபகாரம் செய்தவனுக்கு ஊர் கொடுத்தது அவனுடைய உடைமை, அதைப் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுப்பது திருட்டு என்று. இளைஞன் உருவத்தின் கீழ் கிழவர் பெயர் இருந்ததையும் அவர் சொல்கிறார்.

ஆகவே முதலில் தடவுங்கள், அப்புறம் படியுங்கள். அழித்து எழுதிய பகுதியை இரட்டைச் சதுர அடைப்பில் காட்டுங்கள். கையொப்பத்துக்குத் தனித் தேதி, கௌரவ வாசகத்துக்குத் தனித் தேதி.

எழுத்து வடிவத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்வது

நூற்றாண்டு சொல்லுங்கள், போதும்.

மேற்பரப்பைப் பார்க்காமல் திரும்புவது

ஏணி கேளுங்கள். வெண்கலச் சிலை என்றால் பாதம் பதிந்த குழிகள் இருக்கும், சில சமயம் ஈயமும் ஒட்டியிருக்கும். பளிங்குச் சிலை என்றால் அதன் அடித்தட்டு உட்காரும் அகலமான பள்ளம் இருக்கும். ஒன்றை வெட்டிக்கொண்டு இன்னொன்று தெரிந்தால் சிலையையே மாற்றியிருக்கிறார்கள். என் பீடத்தின் மேல் ஒரே ஜோடிப் பாதங்கள்தான் இருந்தன.