அவசர வரைபடத்தின் மறைவான செலவைக் கணக்கிட்டுத் தடுப்பது எப்படி?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் வரையப்படும் தொழில்நுட்ப வரைபடங்களில் பெரும்பகுதி இரண்டு இடங்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஒன்று, ராணிப்பேட்டை சிப்காட்டிலும் பெல் (BHEL) ஆலையைச் சுற்றியும் இயங்கும், இரும்பை வெட்டி வெல்டு செய்து பாகங்களாக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். மற்றொன்று, ஊரெங்கும் எழும்பும் வீடுகளும் கடைகளும். இரண்டு இடங்களிலிருந்தும் “நாளைக் காலையில் டிராயிங் கைக்கு வர வேண்டும்” என்ற நெருக்கடி வருகிறது, வரைபவரும் ஒப்புக்கொள்கிறார். அன்றிரவு மிச்சமாகும் சில மணி நேரம் எல்லோருக்கும் தெரிகிறது; அதற்கான விலையோ பல நாள் கழித்து, பட்டறையிலோ சைட்டிலோ, வேறொருவருடைய செலவுக் கணக்கில் ஏறுவதால், அதை யாரும் வரைபடத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இந்தச் செலவைக் கண்ணுக்குத் தெரியவைப்பதுதான் முதல் வேலை.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வரைபடத்தால் நேர்ந்த ஒவ்வொரு திருத்த வேலைக்கும் வரைபட எண், ரிவிஷன் (எத்தனையாவது திருத்தப் பதிப்பு), தவறு என்ன, வீணான இரும்பின் எடை, வெல்டரும் ஃபிட்டரும் செலவிட்ட மணி நேரம், கிரேன், கேஸ், லாரி, வேலையின்றி நின்ற ஆட்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். இரும்பின் எடையைக் கணக்கிடுவது எளிது: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ. 1200க்கு 800 மில்லிமீட்டர் அளவில் 12 மில்லிமீட்டர் கனமுள்ள பிளேட் ஒன்று ஏறத்தாழ 90 கிலோ. ஓட்டைகள் இடம் தவறி விழுந்தால் அது ஸ்கிராப் விலைக்குப் போகும். புதிய பிளேட் முழு விலைக்கு வரும். ஆனால் சில மாதங்கள் எழுதிப் பார்த்தால், இரும்பின் விலையை விடக் காத்திருந்த நேரத்தின் விலையே பெரிதாக நிற்பதைக் காண்பீர்கள். வெட்டும் இயந்திரத்தில் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஒரு துண்டுக்காக மற்றப் பாகங்களெல்லாம் பெயின்ட் அடிக்கப்படாமல் கிடக்கும். ஏற்றிச் செல்ல வந்த லாரி வெறுமனே திரும்பும்.

அடுத்து, அவசரம் எந்த இடங்களில் தவறாக மாறுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அவற்றில் மிக ஆபத்தானது, கணினியில் வரையும் மென்பொருளான ஆட்டோகேட்டில் கோட்டைத் திருத்தாமல் அளவின் எண்ணை மட்டும் மாற்றி எழுதுவது. 640 என்று இருந்ததை 650 என்று தட்டச்சு செய்துவிட்டால் தாளில் எல்லாம் சரியாகத் தோன்றும். ஆனால் கணினிக் கட்டளைப்படி வெட்டும் சிஎன்சி இயந்திரத்துக்கு அந்தக் கோப்பு போகும்போது, இயந்திரம் எண்ணைப் படிப்பதில்லை. கோட்டின் உண்மை நீளத்தையே வெட்டுகிறது. பிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிளேட்டை அளக்கும் ஃபிட்டர், இயந்திரத்தின் மீதும் அதை இயக்கியவர் மீதும் சந்தேகப்பட்டு அரை நாளைக் கழிப்பார். எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் இந்தக் குறுக்குவழியை அலுவலகத்தில் முற்றிலும் தடை செய்துவிடுவதே நல்லது.

காற்றும் புகையும் செல்லும் தகட்டுக் குழாயான டக்ட் வேலையில் உள்ளளவா வெளியளவா என்று குறிப்பிடாமல் விடுவதும் இதே போன்றதுதான். 6 மில்லிமீட்டர் பிளேட்டில் செய்த டக்ட்டுக்கு இரண்டுக்கும் இடையே 12 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். இரண்டு பட்டறைகள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டு செய்த துண்டுகள், மின் நிலையத்தில் உயரத்தில் தொங்கும்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தாது என்று தெரியவரும். சோடியாக வரும் பிராக்கெட்டுகளில் ஒன்று வரைந்தபடியும் மற்றொன்று எதிர்க்கையிலும் (கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி) வேண்டும் என்பதை எழுத மறந்தால், இரண்டும் ஒரே கையில் வந்து நிற்கும். குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையமான ஃப்ளேஞ்சில் மையக்கோட்டின் மேல் ஓட்டை விழாமல், அதன் இரு பக்கமும் சம தூரத்தில் ஓட்டைகள் அமைவது குழாய் வேலையின் பொது வழக்கம். ஓட்டைகளின் திசையைப் படத்தில் காட்டாமல் விட்டு, எட்டு ஓட்டை ஃப்ளேஞ்ச் ஒன்று 22.5 பாகை திரும்பி வெல்டாகிவிட்டால், சைட்டில் அதை வெட்டியெடுத்து மறுபடி வெல்டு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

விலை பணத்தோடு நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் 1981 ஜூலை 17 அன்று இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில், மேல் நடைபாதையையும் அதன் கீழிருந்த நடைபாதையையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பிகள் தாங்கின. செய்வதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அது இரண்டு தனித்தனிக் கம்பிகளாக மாற்றப்பட்டது. அதனால் கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் உத்தரத்திலிருந்து தொங்கியது, அந்த உத்தரத்தில் இருந்த நட்டின் மேல் சுமை இரட்டிப்பானது. பட்டறை வரைபடத்தில் வந்த அந்த மாற்றம், புதிதாகக் கணக்கிட்டுப் பார்க்கப்படாமலேயே ஒப்புதல் பெற்றது. “சின்ன மாற்றம்தானே” என்று யாராவது சொல்லும்போது, அந்த மாற்றத்தால் சுமை எந்த வழியாக இறங்குகிறது என்று ஒருமுறை விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வீட்டு வரைபடங்களில் அவசரம் பெரும்பாலும் படிக்கட்டிலும் அஸ்திவாரத்திலும் வெளிப்படுகிறது. தளத்துக்குத் தளம் 3000 மில்லிமீட்டர், ஒரு படியின் உயரமான ஏற்றம் 150 என்றால் 20 ஏற்றங்கள் வேண்டும். இரண்டு ஓட்டமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 10 ஏற்றங்கள்; பத்தாவது ஏற்றம் லேண்டிங்கிலோ தளத்திலோ முடிவதால் 250 மில்லிமீட்டர் அகலத்தில் 9 படிகள், அதாவது 2250. லேண்டிங்குக்கு (இடையில் திரும்பும் தளத்துக்கு) 900 சேர்த்தால் 3150. இந்தச் சின்னக் கூட்டலைச் செய்யாமல் 2700 நீளத்தில் ஒரு கட்டத்தை வரைந்து அதில் படிக்கட்டுச் சின்னத்தை ஒட்டிவிட்டால், மேஸ்திரி சென்டரிங் அடிக்கும் நாளில் ஏற்றத்தைக் கூட்டிப் படியின் அகலத்தைக் குறைத்துவிடுவார். அந்த வீட்டில் வயதானவர்கள் வாழ்நாள் முழுதும் அதில்தான் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அஸ்திவாரத்திலும், முன்பு செய்த வீட்டின் ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) விவரத்தை அப்படியே நகலெடுப்பது நம் பகுதியில் தனி ஆபத்து. மலையடிவார மனையில் பாறை சீக்கிரமே தட்டலாம்; பாலாற்றங்கரை மனையில் மணல் வரலாம். சோதனைக் குழி தோண்டிப் பார்க்காமல் ஆழத்தை எழுதக் கூடாது.

சரிபார்ப்பதற்கு உறுதியான ஒரு முறை இருக்கிறது. வரைந்தவர் அல்லாத வேறொருவர், திரையில் அல்லாமல் காகிதத்தில் எடுத்த பிரிண்ட்டில், ஒவ்வொரு எண்ணையும் கணக்கிட்டுப் பார்த்து, சரியானதன் மேல் மஞ்சள் வண்ணமும் தவறானதன் மேல் சிவப்பும் பூச வேண்டும். வண்ணம் படாத எண் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. தொடர் அளவுகளைக் கூட்டி மொத்த அளவோடு ஒப்பிட வேண்டும். பொருள் பட்டியலிலுள்ள எண்ணிக்கையைப் படத்திலுள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். அலுவலகத்தில் ஒருவரே இருந்தால், ஓர் இரவு இடைவெளி விட்டுக் காலையில் பார்க்கட்டும். விலை சொல்லும்போதே இந்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைத் தனி வரியாக எழுதினால் வாடிக்கையாளர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

நெருக்கடி உண்மையானதாகவும் இருக்கலாம், அதையும் மதிக்க வேண்டும். அப்போது முழுத் தொகுப்பையும் அரைகுறையாகக் கொடுப்பதற்குப் பதில், எது முதலில் தேவை என்று கேட்டு அதை மட்டும் முழுமையாகக் கொடுங்கள். பட்டறைக்கு முதலில் வேண்டியது பெரும்பாலும் பிளேட்டும் ஆங்கிளும் வாங்குவதற்கான பட்டியல். வீட்டுக்கு முதலில் வேண்டியது பில்லர் லே அவுட்டும் ஃபுட்டிங்கும். ஆனால் அதற்குள் படிக்கட்டின் இடமும் கழிவறையின் தாழ்தளமும் முடிவாகியிருக்க வேண்டும், இல்லையேல் முதலில் கொடுத்ததையே திருத்த நேரும். இன்னும் முடிவாகாத அளவைச் சுற்றி மேகம் போன்ற வளைகோடு போட்டு “நிறுத்தி வைக்கவும்” என்று எழுதிவிட்டால், யாரும் ஊகித்து வெட்ட மாட்டார்கள்.

ரிவிஷன் வெளியிடும்போது புதிய பிரிண்ட்டை அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். எது மாறியது என்று டைட்டில் பிளாக்கில் ஒரு வரி எழுதி, மாறிய இடத்தில் முக்கோணக் குறியிட்டு, வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போன பழைய கோப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று பட்டியலிடுங்கள். பிறகு பட்டறைக்குப் போய், மேசையிலும் சுவரிலும் இருக்கும் பழைய பிரிண்ட்டுகளை வாங்கி, “ரத்து” என்று முத்திரை குத்தி, திரும்பி வந்த எண்ணிக்கையை அதே நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.