எரர் வந்தால் பயமில்லை, பதில் வந்தால்தான் பயம்

"போன வருஷம் எவ்வளவு விற்றிருக்கிறது?" டேட்டாபேஸிடம் இப்படிப் பேச்சுவழக்கில் கேட்டாலே போதும், ஏஐ அதை டேட்டாபேஸுக்குப் புரியும் எஸ்கியூஎல் என்ற மொழிக்கு மாற்றி ஓட்டி ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறது. புரோகிராம் தெரியாதவர்களும் நேரடியாகக் கேட்க வேண்டும் என்பது 1974-இல் ஐபிஎம்மில் எஸ்கியூஎல் பிறந்தபோதே இருந்த ஆசைதான். சிக்கல் என்னவென்றால், எரர் வந்தால் நாம் உஷாராகிவிடுவோம். தப்பான தொகை வந்தால் அப்படியே முதலாளிக்கு அனுப்பிவிடுவோம்.

அந்தக் கேள்வியையே பாருங்கள். ஆடிட்டருக்கு வருஷம் என்றால் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஏஐ ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். விற்பனை என்றால் ஜிஎஸ்டியோடா, இல்லாமலா? திரும்பி வந்த சரக்கைக் கழித்தா? பல வருஷம் இருக்கும் கணக்குப்பிள்ளை இதையெல்லாம் கேட்க மாட்டார், அவருக்குத் தெரியும். ஏஐயும் பெரும்பாலும் கேட்காது, ஆனால் அதற்குத் தெரியாது. "2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை, ஜிஎஸ்டி நீங்கலாக, ரிட்டர்ன் கழித்து" என்று நாம்தான் முழுசாகச் சொல்ல வேண்டும்.

தேதியைச் சொன்னபிறகும் ஒரு ஓட்டை உண்டு. தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தால், "மார்ச் 31 வரை" என்பது அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணியோடு நின்றுவிடலாம். கடைசி நாள் வியாபாரம் மொத்தமும் போச்சு.

அதிகம் ஏமாற்றுவது டேபிள்களைச் சேர்க்கும் இடம். பில் ஒரு டேபிளில், அதிலுள்ள பொருட்கள் இன்னொன்றில். 5,000 ரூபாய் பில்லில் மூன்று பொருள் என்றால், இரண்டையும் சேர்த்ததும் அந்த பில் மூன்று வரிசையாகி, ஒவ்வொன்றிலும் அதே 5,000 வந்துவிடும். பில் தொகையைக் கூட்டினால் 15,000. ஒரே பொருள் வாங்கியவர்களின் பில் சரியாகவே இருக்கும் என்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் எஸ்கியூஎல்லையும் காட்டச் சொல்லி, எந்தெந்த டேபிளைச் சேர்த்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், கையில் கணக்கு இருக்கும் ஏதாவது ஒரு நாளை எடுத்து ஒப்பிடுங்கள்.

சராசரியிலும் கவனம் தேவை. 100 பில்லில் 40-க்கு மட்டும் தள்ளுபடி பதிவாகி, மற்றவை காலியாக இருந்தால், எஸ்கியூஎல் 40-ஆல்தான் வகுக்கும். உண்மையில் 80 ரூபாயாக இருக்க வேண்டிய சராசரி 200 ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அழிக்கும் உரிமை உள்ள லாகினை ஏஐ கையில் கொடுப்பது. தமிழில் இது இன்னும் ஆபத்து. "பழைய பில்லையெல்லாம் எடு" என்றால் எடுத்துக் காட்டுவதா, எடுத்துப் போடுவதா? படிக்க மட்டும் அனுமதியுள்ள லாகின் இருந்தால், அது எப்படிப் புரிந்துகொண்டாலும் பில் இருந்த இடத்திலேயே இருக்கும்.