பேட்டரி இல்லாமல் 999: ஒரு மரச்சட்டமும் நூறு கிராம் கம்பியும்

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். திரும்ப வர மாலையாகிவிடும். பல்லடம், சோமனூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், அன்றைக்குத் தறிச் சத்தமும் நின்று ஊரே வேறு ஊர் மாதிரி இருக்கும். வீட்டில் எல்லோரும் விசிறியைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். மீடியம் வேவ், அதாவது ரேடியோவின் ஏ.எம். பட்டை, கேட்க அதைவிட நல்ல நாள் கிடையாது. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

“குறைந்த சக்தியில் மீடியம் வேவில் ஏதாவது செய்து பார்க்கணும், எங்கே ஆரம்பிக்கிறது?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒலிபரப்புவதை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு காயில், பக்கத்து வீட்டு ரேடியோவில் நம் குரல். ஆசை புரிகிறது, எனக்கும் இருந்தது. ஆனால் உரிமம் இல்லாமல் அலை பரப்புவது நம் நாட்டில் குற்றம். அது ஒருபுறம் இருக்க, கேட்கப் பழகாதவர் எதைப் பரப்பினாலும் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்கே தெரியாது. அதனால் முதலில் ஒரு காது செய்வோம். ஒரே ஒரு காயில்தான், அதை வைத்து மூன்று வேலை பார்க்கலாம்.

வேண்டிய சாமான்கள்

மரக்கடையில் ஒன்றரை அங்குல ரீப்பர் கட்டை வாங்கி 85 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டல் குறி போலப் பிணைத்து நுனிகளைச் சுற்றிக் கம்பி சுற்றினால், பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் உள்ள சதுரம் கிடைக்கும்.

கம்பிக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடை தேடி அலைய வேண்டாம். பம்பு மோட்டார் ஊரில் இருந்துகொண்டு எனாமல் கம்பிக்கு அலைந்தால் சிரிப்பார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை எதுவானாலும் சரி, எடை போட்டுத் தருவார்கள். 22 கேஜ் கம்பி 30 மீட்டர் வேண்டும், அது ஏறக்குறைய 100 கிராம் வரும். நான் முதல் தடவை போனபோது கடைக்காரர், “ஏனுங்க தம்பி, எத்தனை ஹெச்.பி. மோட்டாருங்க?” என்றார். ரேடியோவுக்கு என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மிச்சம் கிடந்த சுருளை அப்படியே கையில் கொடுத்தார். காசும் வாங்கவில்லை.

அடுத்தது கேங் கண்டென்சர். பழைய ரேடியோவில் முள்ளை நகர்த்தும் குமிழுக்குப் பின்னால் இருப்பது. தகடு தகடாகத் தெரியும் பெரிய வகை கிடைத்தால் விடாதீர்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் சிறிய வகையும் போதும், அதன் ஓரத்துக் கால்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் கொள்ளளவு கூடும். மொத்தம் 400 முதல் 500 பிக்கோஃபாரட் இருந்தால் மீடியம் வேவ் முழுவதும் வந்துவிடும்.

இவற்றோடு ஒரு ஜெர்மேனியம் டையோடு (ஓஏ79 அல்லது 1என்34ஏ), ஒரு கிரிஸ்டல் இயர்போன், 47 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று. செல்போனுக்குப் போடும் இயர்போன் இந்த வேலைக்கு ஆகாது. அதன் மின்தடை மிகக் குறைவு, வருகிற கொஞ்ச சிக்னலையும் விழுங்கிவிடும்.

காயில் சுற்றுவது

கூட்டல் குறியின் நான்கு நுனிகளிலும் 8 சென்டிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றைக் குறுக்காக ஆணியடித்து, அதில் அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வெட்டுப் போடுங்கள். கம்பி அந்த வெட்டுகளில்தான் உட்காரும். இடைவெளி விட்டுச் சுற்றுவது அழகுக்காக அல்ல. சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் காயிலே ஒரு கண்டென்சர் போல நடந்துகொள்ளும், பட்டையின் மேல்முனை கைவிட்டுப் போய்விடும்.

பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். கம்பி தொய்யக்கூடாது, அறுந்துவிடும்படி இழுக்கவும் கூடாது. தொடங்கிய முனையிலிருந்து நான்காவது சுற்று முடியும் இடத்தில் கம்பியைக் கொஞ்சம் வெளியே இழுத்து முறுக்கி ஒரு காது விட்டு வையுங்கள். பிறகு உதவும். இந்த அளவுக்குக் காயிலின் தூண்டம் (இண்டக்டன்ஸ்) சுமார் 200 மைக்ரோஹென்றி வரும்.

அப்புறம் சுரண்டல். கம்பியின் இரண்டு முனையிலும், நடுவில் விட்ட காதிலும் எனாமலைப் பிளேடாலோ உப்புத்தாளாலோ செம்பு பளபளக்கும்வரை சுரண்டுங்கள். நான் என் முதல் காயிலோடு இரண்டு சாயங்காலம் மல்லுக்கட்டினேன். சத்தமே வரவில்லை. டையோடை மாற்றினேன், கேங்கை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் ஒரு முனையில் எனாமல் அப்படியே இருந்தது. அது செம்பு நிறத்திலேயே இருப்பதால் கண்ணை ஏமாற்றும். மல்ட்டிமீட்டர் இருந்தால் முனைக்கு முனை வைத்துப் பாருங்கள். ஒன்றேகால் ஓம் அளவில் காட்டினால் சரி.

தொடங்கிய முனையைக் கேங்கின் நகரும் தகடுகளோடும், முடிந்த முனையை நகராத தகடுகளோடும் இணையுங்கள். நாம் செய்ய நினைத்த கேட்கும் காது தயார்.

முதல் வேலை: பாக்கெட் ரேடியோவுக்குத் துணை

ஒயர் எதுவும் வேண்டாம். பாக்கெட் ரேடியோவைச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பி சட்டத்தை ஊடுருவிப் போகிற திசையில் இருக்க வேண்டும், பெரும்பாலான ரேடியோக்களில் அது நீளவாக்கில்தான் இருக்கும். பகலில் மெல்லிசாகக் கேட்கிற ஒரு நிலையத்தை ரேடியோவில் வைத்துக்கொண்டு கேங்கை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் குரல் சட்டென்று எழும். இரைச்சல் கீழே போகும். முதல் தடவை கேட்கும்போது யாரோ கதவைத் திறந்த மாதிரி இருக்கும்.

எதைத் தேடுவது? கோவை 999 கிலோஹெர்ட்ஸ். திருச்சி 936, சென்னை 720, மதுரை 1269, திருநெல்வேலி 1197. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் திருச்சூர் 630, வடக்கே பெங்களூரு 612. மீடியம் வேவ் ஒலிபரப்பிகளைப் பல இடங்களில் நிறுத்திக்கொண்டு வருகிறார்கள், நேரத்தையும் சுருக்குகிறார்கள். அதனால் உங்கள் ஊரில் எது வருகிறது என்பதை முதலில் சாதாரண ரேடியோவிலேயே பார்த்துக் குறித்து வையுங்கள். இந்த எண்களில் ஒரு வேடிக்கை உண்டு. எதை எடுத்து அதன் இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பதின் மடங்கு வரும். நம் பகுதியில் உள்ள நாடுகளில் நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைப்பதுதான் காரணம். 1978 நவம்பரிலிருந்து இதுதான் ஏற்பாடு. உங்கள் டிஜிட்டல் ரேடியோ 990, 1000, 1010 என்று தாவினால் அது அமெரிக்கக் கணக்கில் இருக்கிறது. அமைப்பில் 9-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பொழுது சாய்ந்ததும் காட்சி மாறும். பகலில் வானத்தில் இருக்கும் மின்னேற்ற (அயனி) அடுக்குகளில் கீழே உள்ளது இந்த அலைகளை உறிஞ்சிவிடுகிறது, தரையோடு தவழ்ந்து வருகிறது மட்டும்தான் நமக்கு. இரவில் அந்த அடுக்கு கரைந்துபோக, மேலே போன அலை திரும்பி விழும். மார்கழி, தை இரவுகளில் கேட்டுப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் கோடை மழை இடிக்கிற நாட்களில் காது கிழியும்.

இரைச்சல் வேட்டை

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான பாடம், இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நம் ஊரில் மீடியம் வேவுக்கு எதிரி தூரம் இல்லை, வீட்டு மின்சாமான்கள். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், டி.வி. பெட்டி, தோட்டத்துச் சோலார் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி. இவற்றுக்குள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடப்படுகிறது. அந்த வெட்டின் சிதறல் மீடியம் வேவ் முழுக்கப் பரவும்.

பாக்கெட் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கே உறுமல் கூடுகிறதோ அங்கே குற்றவாளி. எங்கள் வீட்டில் அது பூஜையறையில் எரிந்த மூன்று வாட் அலங்கார விளக்கு. அம்மா அதை அணைக்க விடவில்லை, அதனால் நான் மாடிக்குப் போனேன்.

அணைக்க முடியாத இரைச்சலுக்குச் சட்டத்தைத் திருப்புங்கள். சட்டத்தின் விளிம்பு எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கத்து அலை நன்றாக வரும். முகம் நோக்குகிற பக்கத்து அலை ஏறக்குறைய அற்றுப்போகும். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டருக்கு நேராக முகத்தைக் காட்டுங்கள், நிலையம் கொஞ்சம் இறங்கினாலும் இரைச்சல் அதைவிட அதிகமாக இறங்கும். மின்தடை நாளில் நான் மாடிக்கு ஓடுவது இதனால்தான். அன்றைக்கு ஊரே எனக்காக அணைத்துவைக்கிறது.

இரண்டாம் வேலை: பேட்டரி இல்லாத ரேடியோ

நான்காம் சுற்றில் விட்ட காதிலிருந்து டையோடு. டையோடின் மறுமுனையிலிருந்து இயர்போனின் ஒரு முனை. இயர்போனின் மறுமுனை, காயிலைத் தொடங்கிய முனைக்கு. இயர்போனுக்குக் குறுக்கே 47 கிலோஓம் ரெசிஸ்டர். அவ்வளவுதான், பேட்டரி கிடையாது. டையோடை நேராகக் காயிலின் முடிந்த முனையில் மாட்டினால் சத்தம் கூடும் என்று தோன்றும். உண்மையில் அது காயிலை அமுக்கி, நிலையங்களைக் கலந்துவிடும். அதற்குத்தான் அந்தக் காது.

கோபுரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்தால் சட்டம் ஒன்றே போதும், 999-இன் செய்தி இயர்போனில் கேட்கும். அதைக் கேட்க வைப்பது முழுக்க அந்தக் கோபுரம் அனுப்பிய சக்திதான். தள்ளி இருப்பவர்கள் 25 மீட்டர் உறை போட்ட ஒயரை வீட்டிலிருந்து தென்னைக்குக் கட்டி, 47 பிக்கோஃபாரட் கண்டென்சர் வழியாகக் காயிலின் முடிந்த முனையில் இணைக்க வேண்டும். தொடங்கிய முனைக்கு எர்த். தென்னைக்குத் தண்ணீர் பாயும் வட்டப்பாத்தியில் ஒன்றரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை அடித்தால் நல்ல எர்த். எங்கள் செம்மண் காய்ந்தால் கல், ஈரம் இருக்கும் இடத்தில்தான் அடிக்க வேண்டும். சுவிட்ச் போர்டின் எர்த்திலோ, மோட்டார் இறங்கியிருக்கும் போர்வெல் பைப்பிலோ இணைக்கவே வேண்டாம். ஒயர் எந்த மின்கம்பிக்கும் மேலாகவோ கீழாகவோ போகக்கூடாது. ஆடிக் காற்றில் தென்னை ஆடும் ஆட்டத்துக்கு ஒயரைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள், இடி மழை வரும்போல் இருந்தால் முன்னதாகவே கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

என் அப்புச்சி காலத்தில் இப்படிக் கேட்பதற்கே தபால் ஆபீசில் வருஷாவருஷம் லைசென்ஸ் கட்டணும். 1980களில் அது போயிற்று. இன்று கேட்பதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.

மூன்றாம் வேலை: மீடியம் வேவுக்குக் கொஞ்சம் கீழே

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக அலை பரப்பும் அமெச்சூர்களுக்கென்று (ஹாம்) 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு சிறிய பட்டை இருக்கிறது. 2012-இல் உலக ரேடியோ மாநாடு ஒதுக்கியது. பொதுவாக ஒரு வாட் வரைதான், சில பகுதிகளில் ஐந்து வாட். ஒரு வாட்டா என்று சிரிக்க வேண்டாம், அந்த ஒரு வாட்டைக் காற்றில் ஏற்றுவதே பெரும்பாடு. அங்கே அலைநீளம் 630 மீட்டர், கால் அலைக்கே 158 மீட்டர் கம்பம் வேண்டும். நீங்கள் பத்து மீட்டர் ஒயரைத் தென்னையில் தூக்கினால் அதன் கதிர்வீச்சுத் தடை (சக்தியை அலையாக வெளியே விடும் பங்கு) பத்தில் ஒரு ஓம். மண்ணின் இழப்பு நாற்பது ஓம் என்று வையுங்கள். 100 வாட் கொடுத்தால் கால் வாட் வெளியே போகும், மிச்சம் மண்ணைச் சூடாக்கும்.

அந்தக் கால் வாட்டும் இரவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் கேட்பது விஸ்பர் என்ற முறையால். இயற்பியலுக்கு 1993-இல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் உருவாக்கியது. ஆறு ஹெர்ட்ஸ் அகலத்துக்குள், ஏறக்குறைய 111 வினாடி நிதானமாகப் பேசும். காதுக்கு ஒன்றும் கேட்காத இரைச்சலுக்கு அடியிலிருந்துகூடக் கணினி அனுப்பியவரின் அழைப்புக்குறியை (உரிமத்தோடு தரும் அடையாளப் பெயரை) எடுத்துவிடும்.

கேட்க நம் சட்டமே போதும். கேங்குக்கு இணையாக 220 பிக்கோஃபாரட் கண்டென்சர் ஒன்றை மாட்டினால் காயில் 475-க்கு இறங்கிவிடும். சாதாரண ரேடியோ அங்கே இறங்காது. அதன் உள் அலைவரிசையே 455 என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அரை மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும் எஸ்.டி.ஆர். ஏற்பி (கணினி மென்பொருளோடு வேலை செய்யும் ரேடியோ) வேண்டும். சட்டத்துக்குள் இன்னொரு சுற்று ஒயரைத் தனியாகச் சுற்றி அதன் இரு முனைகளை ஏற்பிக்குக் கொடுங்கள். ஏற்பியை மேல் பக்கப்பட்டை (யு.எஸ்.பி.) முறையில் 474.2 கிலோஹெர்ட்ஸில் வைத்து, கணினியின் கடிகாரத்தை நொடி பிசகாமல் சரிசெய்து, இரட்டைப்படை நிமிடத்தில் தொடங்கும் விஸ்பர் சிக்னலுக்குக் காத்திருங்கள். பல இரவுகள் வெறும் இரைச்சல்தான் வரும்.

பரப்பவும் ஆசை என்றால் அமெச்சூர் உரிமத் தேர்வு எழுதுங்கள். பன்னிரண்டு வயது நிறைந்தால் போதும். கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு வி.யு.3, பொது நிலைக்கு வி.யு.2 என்று அழைப்புக்குறி தொடங்கும். பொது நிலைக்கு மோர்ஸும் தெரிய வேண்டும். கையில் வரும் உரிமத்தின் அட்டவணையில் எந்த அலைவரிசை அச்சாகியிருக்கிறதோ அதில் மட்டும்தான் விசையை அழுத்தலாம்.

அதுவரை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், அலைவரிசை, சட்டத்தின் திசை, கரண்ட் இருந்ததா இல்லையா என்று எழுதி வாருங்கள். கரண்ட் பற்றிய அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நான் முதலில் படிப்பேன்.