கண்ணை மூடினால் எழும் அலை: ஆல்ஃபாவை அளப்பதும் கணினியில் அதற்கொரு மாதிரி கட்டுவதும்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரிக்குப் பாலக்காட்டுக்கு பஸ் ஏறும் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. அக்கா மகளும் அப்படித்தான். விடுமுறைக்கு வந்தவள், "மாமா, மூளை அலை என்கிறார்களே, அதை நம் வீட்டுக் கணினியில் பார்க்க முடியுமா?" என்று கேட்டாள். முடியும். நான் அதை முதன்முதலாகச் செய்து பார்த்தபோது ஓர் இடத்தில் இரண்டு இரவுகள் சிக்கிக்கொண்டேன். அந்த இடத்தை அவளுக்கு விளக்கியபோதுதான் இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

பைத்தான் நிறுவி, ஒரு மடக்குக் கட்டளை எழுதி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது. நிரலை அப்படியே எடுத்து ஒட்ட முடியாதபடி சொற்களில்தான் சொல்கிறேன். தானே தட்டச்சு செய்தால்தான் எந்த எண் எங்கே போகிறது என்பது கையில் பதியும்.

எதைப் பார்க்கப் போகிறோம்?

தலையில் ஒட்டும் மின்முனை ஒரு தனி நரம்பணுவின் பேச்சைக் கேட்பதில்லை. கோயில் திருவிழா அன்று வயலுக்கு அப்பாலிருந்து செண்டை மேளம் கேட்டிருப்பீர்கள். எந்தக் கோல் எந்தச் செண்டையில் விழுந்தது என்று அங்கிருந்து தெரியாது. எல்லாரும் சேர்ந்து அடிக்கும் அடி மட்டும் காற்றில் வந்து சேரும். தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின்னலையைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யில் தெரிவதும் அப்படித்தான்: ஏராளமான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால்தான் அது மண்டையோட்டைத் தாண்டி அளக்கக் கிடைக்கும்.

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலையை முதலில் பதிவுசெய்து, 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை ஏறி இறங்கும் அலை எழுகிறது, கண்ணைத் திறந்தால் தணிகிறது என்பதும் அவர் கண்டதே. பலர் நம்பவில்லை. 1934-இல் பிரிட்டிஷ் உடலியங்கியலாளர்களான ஏட்ரியனும் மேத்யூஸும் செய்து காட்டிய பிறகே உலகம் ஏற்றுக்கொண்டது. அந்த அலைக்குப் பெயர் ஆல்ஃபா, 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை என்பது). தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இலக்கு இல்லை, ஏனென்றால் கண்ணை மூடுவது, திறப்பது என்ற எளிய ஒப்பீட்டிலேயே அது தெரியும்.

முதலில் தரவு

கருவி வாங்க வேண்டியதில்லை. பிசியோநெட் தளத்தில் கை கால் அசைவுகளையும் அசைப்பதாகக் கற்பனை செய்வதையும் பதிவுசெய்த இ.இ.ஜி. தொகுப்பு ஒன்று எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. 109 தன்னார்வலர்கள், 64 மின்முனைகள், நொடிக்கு 160 அளவீடுகள், ஆளுக்கு 14 பதிவுகள். நமக்கு வேண்டியவை முதல் இரண்டு மட்டுமே. முதல் பதிவு ஒரு நிமிடம் கண்ணைத் திறந்திருப்பது, இரண்டாவது ஒரு நிமிடம் மூடியிருப்பது.

பைத்தானில் மூளைப் பதிவுகளை ஆய்வதற்கான எம்.என்.இ. தொகுப்பை நிறுவினால், ஆள் எண்ணையும் பதிவு எண்ணையும் கொடுத்ததும் கோப்பை அதுவே இறக்கித் தரும். மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம், ஆனால் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டிய ஒன்றை மாணவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பொத்தான்களை அழுத்தி வேலை முடிக்கும் மென்பொருள்களும் எனக்குப் பிடிப்பதில்லை. எந்த எண்ணைக் கொடுத்தோம் என்பது பொத்தானுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அந்த மறைவு எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

கோப்பைத் திறந்ததும் மின்முனைப் பெயர்களின் கடைசியில் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவற்றை நீக்கிப் பெயரைச் சீராக்கும் செயற்கூறு எம்.என்.இ.யிலேயே இருக்கிறது. அதை ஓட்டாமல் பின்மண்டையின் நடு மின்முனையான ஓ-இசட்டைத் தேடினால், "அப்படி ஒன்று இல்லை" என்று பிழைச் செய்தி வரும். இன்னொன்று: எண்கள் வோல்ட்டில் இருக்கும். மைக்ரோவோல்ட் வேண்டுமென்றால் பத்து லட்சத்தால் பெருக்க வேண்டும். அலையின் வலிமையைச் சொல்லும் திறனில் வர்க்கம் வருவதால், அங்கே பெருக்க வேண்டியது லட்சம் கோடி.

திறன் நிறமாலை

எந்த அதிர்வெண் எவ்வளவு வலிமையாக இருக்கிறது என்று காட்டுவதுதான் நிறமாலை. ஓ-இசட் மின்முனையின் இரண்டு பதிவுகளுக்கும், பதிவைத் துண்டு துண்டாக்கிச் சராசரி எடுக்கும் வெல்ச் முறையில் நிறமாலை போடுங்கள். பைத்தானின் அறிவியல் கணக்கீட்டுத் தொகுப்பான சைபையில் அதற்கான செயற்கூறு இருக்கிறது. அது உங்களிடம் மூன்று கேட்கும்: அளவீடுகள், நொடிக்கு எத்தனை அளவீடு, ஒரு துண்டில் எத்தனை அளவீடு. துண்டைச் சொல்லாமல் விட்டால் 256 என்று தானே எடுத்துக்கொள்ளும். 160-ஐ 256-ஆல் வகுத்தால் 0.625, அதாவது அந்த இடைவெளியில்தான் அதிர்வெண்கள் தெரியும். நான் எப்போதும் 4 நொடித் துண்டு வைப்பேன்: 640 அளவீடுகள், 0.25 ஹெர்ட்ஸ் இடைவெளி.

இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரையுங்கள். கண் மூடிய கோட்டில் பத்தை ஒட்டி ஒரு மேடு எழுந்து நிற்கும், திறந்த கோட்டில் அது அமுங்கியிருக்கும். அக்கா மகள் திரையைத் தொட்டு அந்த மேட்டை விரலால் ஏறி இறங்கிக் காட்டினாள். எங்கேயோ, யாரோ ஒருவர் கண்ணை மூடியது இங்கே தெரிகிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

மேடே தெரியவில்லையா? வேறொருவரின் கோப்பை எடுங்கள். சிலருக்கு ஆல்ஃபா இயல்பிலேயே மெலிந்திருக்கும்.

இனி மாதிரி

அலை இருப்பதைப் பார்த்தாயிற்று. அது எப்படி எழக்கூடும் என்று கேட்பதற்குத்தான் கணிப்பு மாதிரி. ஹியூ வில்சனும் ஜாக் கோவனும் 1972-இல் தந்த மாதிரியில் இரண்டே கூட்டங்கள்: தூண்டும் நரம்பணுக்கள், அடக்கும் நரம்பணுக்கள். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கத்தினால் இன்னொருவனும் கத்துவான், சத்தம் தானாக ஏறும். ஏறிய சத்தம் பாட்டியை வெளியே வரவைக்கும். பாட்டி அதட்டினால் அடங்கிவிடும். அடங்கியதும் பாட்டி உள்ளே போய்விடுவார், சத்தம் மறுபடி தொடங்கும். பாட்டி வந்து சேரக் கொஞ்சம் நேரமாவதுதான் இதில் முக்கியம். சத்தம் எழுந்த அதே கணத்தில் அடக்கம் வந்தால் அலை பிறக்காது.

தூண்டலைக் 'கி' என்றும் அடக்கத்தை 'அ' என்றும் வெளியிலிருந்து வரும் உந்துதலை 'உ' என்றும் கூட்டம் எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பதைச் சொல்லும் காலமாறிலியைக் 'கா' என்றும் வைத்துக்கொள்வோம்.

கா × (கி மாறும் வேகம்) = −கி + (1 − கி) × வளைவு(16கி − 12அ + உ)

கா × (அ மாறும் வேகம்) = −அ + (1 − அ) × வளைவு(15கி − 3அ)

எண்கள் அவர்களுடைய கட்டுரையில் உள்ளவை. வளைவு என்பது கீழே படுத்து, நடுவில் ஏறி, மேலே மீண்டும் படுக்கும் எஸ் வடிவக் கோடு. கி-க்கு அதன் சரிவு 1.3, வாயில் மதிப்பு 4. அ-வுக்கு 2, 3.7. உள்ளீடு சுழியாக இருக்கும்போது வளைவு தரும் மதிப்பை எப்போதும் அதிலிருந்து கழித்துவிடுங்கள், ஓய்வில் விடையும் சுழியாக இருக்க வேண்டும்.

உ-வுக்கு 1.25 கொடுத்து, இரண்டையும் சுழியில் தொடங்கி, ஒரு மில்லிநொடிப் படியாக 20 நொடி ஓட்டுங்கள்; ஒவ்வொரு படியிலும் மாறும் வேகத்தைப் படியின் நீளத்தால் பெருக்கிப் பழைய மதிப்போடு கூட்டினால் போதும். காலமாறிலியும் மில்லிநொடியிலேயே இருக்கட்டும், 10 என்று தொடங்கலாம். உ-வைச் சுழியாக விட்டால் தட்டைக் கோடுதான் வரும். அது பிழை இல்லை, யாரும் கத்தாத முற்றம்.

உச்சிகளுக்கு இடையிலுள்ள நேரத்தைப் பார்த்து அலையின் அதிர்வெண்ணைக் கணக்கிடுங்கள். அது பத்தாக இருக்காது. இரண்டு சமன்பாட்டிலும் ஒரே கா இருப்பதால், அதை இரு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும். ஆகவே கிடைத்த அதிர்வெண்ணைப் பத்தால் வகுத்து, அந்த விடையால் கா-வைப் பெருக்குங்கள். மாதிரி 10 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். படியைப் பாதியாக்கி ஒருமுறை ஓட்டி, விடை பெரிதாக மாறவில்லை என்பதையும் பாருங்கள்.

நான் சிக்கிய இடம்

இங்கே மெதுவாகப் படியுங்கள்.

மாதிரியைப் பத்துக்குக் கொண்டுவந்த பிறகு, ஏற்கெனவே எழுதிவைத்திருந்த அதே நிறமாலைச் செயற்கூறில் அதன் விடையைப் போட்டேன். மேடு 1.5 ஹெர்ட்ஸில் நின்றது. ஆழ்ந்த தூக்கத்தில் வரும் மெதுவான டெல்டா அலை! சமன்பாட்டில் எங்கோ பிழை என்று நினைத்து, 16-ஐயும் 12-ஐயும் மாற்றிப் பார்த்தேன். கழித்தல் குறிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இரண்டாம் நாள் இரவு, ஒரு நொடிக்கான அலையை மட்டும் தாளில் அச்செடுத்து, பென்சிலால் உச்சிகளைக் குறித்து எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்துதான். அப்படியென்றால் மாதிரி சரி, அளந்த விதம்தான் தவறு.

நிறமாலைச் செயற்கூறுக்கு நேரம் தெரியாது. நொடிக்கு எத்தனை அளவீடு என்று நாம் சொல்வதை அப்படியே நம்பும். என் செயற்கூறில் தரவுக்காக எழுதிய 160 அப்படியே கிடந்தது. மாதிரியோ ஒரு மில்லிநொடிக்கு ஒன்று, நொடிக்கு 1000 அளவீடுகள் தருகிறது. பத்தை 160-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 1.6. கால் ஹெர்ட்ஸ் இடைவெளியில் 1.6-க்கு அருகில் இருப்பது 1.5. கணக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்தியது.

எனவே மாதிரிக்கு 1000 என்று கொடுங்கள், துண்டுக்கு 4000. இப்போது மேடு பத்தில் நிற்கும். அளவீட்டு வீதத்தைச் செயற்கூறுக்குள் எழுதிவைக்காமல், ஒவ்வொரு முறையும் அழைக்கும்போது சொல்ல வேண்டிய ஒன்றாக வையுங்கள். நிறமாலையை நம்புவதற்கு முன் ஒரு நொடி அலையைக் கண்ணால் எண்ணுவதை நான் இன்றுவரை விடவில்லை.

உண்மையான மேடு அகலமானது

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் வேறுபாடு கண்ணை உறுத்தும். மாதிரியின் மேடு ஊசி போல இருக்கிறது, மனிதருடையது கரை சரிந்த குளம் போல. உண்மையான ஆல்ஃபா ஒரே சீராக ஓடுவதில்லை, பொங்கித் தணிந்து மறுபடி பொங்குகிறது. மாதிரியிலும் அதைக் கொண்டுவர, உ-வை 1.25-இலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்து, அலை தானாக ஓடாமல் அடங்கிப்போகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த விளிம்பில் நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் சிறிய தற்செயல் இரைச்சலைச் சேருங்கள். இரைச்சலைப் படியின் நீளத்தால் அல்ல, அதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இல்லையென்றால் படியை மாற்றும்போதெல்லாம் இரைச்சலின் வலிமையும் மாறிவிடும்.

இவ்வளவு செய்தும் இது மூளையின் ஆல்ஃபா ஆகிவிடாது. அதில் மூளையின் உட்பகுதியான தலாமஸுக்கும் பங்கு உண்டு. லோபஸ் டா சில்வாவும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் தந்த ஆல்ஃபா மாதிரி தலாமஸை வைத்தே கட்டப்பட்டது. அடுத்து அதைப் படிக்கலாம்.

பின்சேர்க்கை 1

பொள்ளாச்சியிலிருந்து ஒரு மாணவி, இரைச்சல் சேர்க்காத மாதிரியில் 20, 30 ஹெர்ட்ஸிலும் சிறு மேடுகள் வருவதாகவும், அவை ஆல்ஃபாவைவிட வேகமான பீட்டா அலையா என்றும் கேட்டிருந்தார். அல்ல. மாதிரியின் அலை சீரான சைன் வளைவு இல்லை, ஏறும் விதமும் இறங்கும் விதமும் வேறு. அப்படிப்பட்ட அலையை நிறமாலையாகப் பிரித்தால் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளிலும் மேடு வரும். மனிதரின் பதிவிலும் இதே குழப்பம் உண்டு. ஆல்ஃபா மேட்டின் சரியாக இரு மடங்கில் ஒரு மேட்டைப் பார்த்தால், அதற்குப் பெயர் வைக்கும் முன் மூல அலையின் வடிவத்தைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2

ஆந்திர எல்லையில் நகரியிலிருந்து எழுதிய அன்பர், 50 ஹெர்ட்ஸ் வடிகட்டி போட்டும் 60-இல் ஒரு முள் நிற்கிறது, அது பீட்டாவையும்விட வேகமான காமா அலையாக இருக்குமோ என்று கேட்டார். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இந்தத் தொகுப்பு அமெரிக்காவில் பதிவானது, அங்கே 60. நொடிக்கு 160 அளவீடு என்பதால் 80 ஹெர்ட்ஸ் வரை தெரியும், ஆகவே அந்த முள்ளும் தெரிகிறது. வடிகட்டியை 60-க்கு மாற்றச் சொன்னேன், முள் போய்விட்டது என்று மறுநாள் எழுதினார். நாளைக்கு நகரியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ யாராவது சொந்தமாகக் கருவி வைத்துப் பதிவு செய்தால், அப்போது வைக்க வேண்டியது 50.