வெற்றிலைத் தட்டில் வந்த வேறு இலை: வீட்டுச் செடிகளை அடையாளம் காண்பது எப்படி?

தைப்பூசக் காவடிக்கு முந்தைய நாள் மாலை. மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அத்தை, அதாவது என் மாமியார், பூசைத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். "ஐந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டு வாம்மா" என்றார். கிள்ளிக் கொடுத்தேன். ஓர் இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார். "காரமும் இல்லை, மணமும் இல்லை. இதை யாராவது மென்றால் நாக்கு என்ன ஆகும்?"

நான் கிள்ளியது தொங்கும் தொட்டியில் இருந்த ஃபிலோடென்ட்ரான். பக்கத்துத் தொட்டியில்தான் வெற்றிலை இருந்தது. இரண்டும் கொடி, இரண்டும் இதய வடிவ இலை, இரண்டும் பளபளப்பு. ஆண்டுக்கணக்கில் செடி வளர்க்கிறவள் என்ற என் பெருமை அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகுதான் இலையின் நிறத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, காம்பையும் கணுவையும் பார்க்கப் பழகினேன். அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன். தேவையானவை ஒரு செடி, நல்ல வெளிச்சம், உங்கள் விரல்கள்.

படி 1: செடி எப்படி நிற்கிறது?

இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். படர்கிறதா, தண்டோடு நிமிர்ந்து நிற்கிறதா, அல்லது தண்டே தெரியாமல் மண்ணிலிருந்து இலைகள் நேராகக் கிளம்புகின்றனவா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும்.

படி 2: கொடியாக இருந்தால்

அதிகம் குழம்புவது இங்கேதான். முதலில் வெற்றிலையை ஒதுக்கிவிடுவோம். இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு சேரும் இடத்தை ஒட்டி ஐந்து அல்லது ஏழு நரம்புகள் பிரிந்து, வில் போல் வளைந்து நுனியை நோக்கிப் போனால் அது வெற்றிலை. கசக்கினால் காரமான மணம் வரும். நடுநரம்பு ஒன்று மட்டும் எடுப்பாகத் தெரிந்து, மற்றவை மங்கலாக இருந்தால் அது வேறு செடி.

அந்த வேறு செடி மணி பிளாண்டா, ஃபிலோடென்ட்ரானா? காம்பின் மேல்பக்கத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். மணி பிளாண்டின் காம்பில் வாய்க்கால் போல ஒரு பள்ளம் ஓடும், நகம் அதில் இறங்கும். ஃபிலோடென்ட்ரான் காம்பு உருண்டையாக வழுக்கும். அடுத்து, கொடியின் நுனிக்குப் போங்கள். ஃபிலோடென்ட்ரானின் புதிய இலை ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து வெளிவரும். இலை விரிந்த பிறகு அந்த உறை காய்ந்து, வெங்காயச் சருகு போலக் கணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். மணி பிளாண்டில் இந்தச் சருகைப் பார்க்க முடியாது. அதன் இலையும் சற்றுத் தடிப்பு, மெழுகு தடவியது போல இருக்கும்.

பூ வரட்டும், பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். மணி பிளாண்ட் பூப்பது மிக மிக அரிது.

மொரீஷியஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே மணி பிளாண்ட் தொட்டியைத் தாண்டி மாமரத்தில் ஏறிவிடும். ஏறிய கொடியின் இலை முறம் அளவுக்குப் பெருத்து, ஓரங்களில் கிழிந்து நிற்கும். அதைப் பார்த்து மான்ஸ்டெரா என்று சொல்பவர்களே அதிகம். மான்ஸ்டெராவில் ஓரக் கிழிசல்களோடு நடுநரம்பை ஒட்டி ஓட்டைகளும் இருக்கும். மரத்தில் ஏறியது மணி பிளாண்டா என்ற சந்தேகம் வந்தால் கொடியின் அடிப்பகுதிக்குக் குனிந்து பாருங்கள். மஞ்சள் தெளித்த சின்ன இலைகள் அங்கே கிடைக்கும்.

அம்புமுனை போன்ற இலை, தண்டை முறித்தால் பால் வடிகிறது என்றால் அது சிங்கோனியம்.

படி 3: 'முழங்கால்' தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆந்தூரியம் இந்தத் தீவிலிருந்து ஏற்றுமதியான பூ. பல வீடுகளில் நிழலான மூலையில் ஒரு தொட்டியாவது இருக்கும். ஆனால் பூவில்லாத ஆந்தூரியத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? காம்பை விரல்களுக்கிடையே பிடித்து மேலே வாருங்கள். இலை தொடங்குவதற்குச் சற்றுக் கீழே காம்பு லேசாகப் புடைத்து, மூட்டு போல விரலில் தட்டுப்படும். பிறகு இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓரத்தை ஒட்டினாற்போல் ஒரு நரம்பு, புடவைக் கரை மாதிரி ஓடும். இரண்டும் இருந்தால் ஆந்தூரியம்தான்.

பீஸ் லில்லிக்கும் இந்த முழங்கால் உண்டு. ஆனால் அதன் இலை இதய வடிவமல்ல, ஈட்டி வடிவம். பக்க நரம்புகள் நெருக்கமாக, சீப்பால் வாரியது போலப் பதிந்திருக்கும். அக்லோனிமாவின் இலையும் ஏறக்குறைய அதே வடிவம்தான், ஆனால் அதன் காம்பில் முழங்கால் கிடையாது.

படி 4: தண்டோடு நிற்பவை

இலைக்குத் தனியாகக் காம்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காம்பு இருந்து, கரும்பு போன்ற தடித்த தண்டில் உதிர்ந்த இலைகளின் வளையத் தழும்புகளும் இருந்தால் டீஃபன்பேக்கியா. காம்பே இல்லாமல் இலை நேராகத் தண்டைத் தழுவிக்கொண்டிருந்தால் டிரசீனா. மக்காச்சோள இலை போல நீண்டு, நடுவில் மஞ்சள் பட்டை ஓடும் டிரசீனா ஒன்று. இலை குட்டையாக, ஓரத்தில் மஞ்சளோடு தண்டைச் சுற்றிச் சுருளாக அடுக்கியிருப்பது இன்னொன்று. இரண்டாவதை 'சாங் ஆஃப் இந்தியா' என்று விற்கிறார்கள். பெயரில்தான் இந்தியா. அந்த இனத்தின் பிறப்பிடம் மடகாஸ்கரும் நம் தீவும் சேர்ந்த இந்தப் பகுதி. மஞ்சள் ஓரமில்லாத அதன் காட்டு வடிவத்தைத்தான் இங்குள்ளவர்கள் 'புவா த ஷாந்தேல்' என்கிறார்கள். கடைக்காரர் இந்தியாவிலிருந்து வந்த செடி என்று சொல்லி விலையைக் கூட்டினால் சிரித்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

படி 5: மண்ணிலிருந்தே இலை

வாள் போல நிமிர்ந்த தடித்த இலை, குறுக்கே வரிகள் என்றால் பாம்புச் செடி. தமிழ்நாட்டில் மருள் எனப்படும் செடிக்கு இது நெருங்கிய உறவு. பிரெஞ்சில் இதற்கு 'மாமியார் நாக்கு' என்று பெயர். அத்தை முன்னால் நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

இசட் இசட் செடி ஏமாற்றுக்காரச் செடி. தண்டு என்று நாம் நினைப்பது உண்மையில் ஓர் இலையின் காம்பு. இருபுறமும் இருப்பவை அதன் சிற்றிலைகள். அடியில் காம்பு பருத்திருக்கும், மண்ணைக் கிளறினால் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கு தெரியும். புல் போன்ற கோடிட்ட இலைகளும், நீண்ட கம்பியின் நுனியில் தொங்கும் குட்டிச் செடிகளும் இருந்தால் ஸ்பைடர் பிளாண்ட்.

ஓர் எச்சரிக்கை

அடையாளம் காண்பதற்காக எதையும் கடித்துப் பார்க்காதீர்கள். மணி பிளாண்ட், ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, சிங்கோனியம், ஆந்தூரியம், பீஸ் லில்லி, அக்லோனிமா, டீஃபன்பேக்கியா, இசட் இசட் எல்லாம் நம் சேம்பின் குடும்பம், இங்கே சொல்வதென்றால் 'சோஞ்'சின் குடும்பம். சேப்பங்கிழங்கு உரித்தால் கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இவற்றிலும் இருக்கின்றன. டீஃபன்பேக்கியாவை மென்றால் நாக்கு வீங்கிப் பேச்சே தடைப்படலாம். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் இவை எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இவ்வளவு பார்த்தும் பெயர் பிடிபடவில்லை என்றால், தெரிந்தவரிடம் கேட்பதற்கு மூன்று படங்கள் எடுங்கள். முழுச் செடி ஒன்று, காம்பு இலையைத் தொடும் இடம் ஒன்று, காம்பு தண்டைத் தொடும் கணு ஒன்று. இலையை மட்டும் எடுத்து அனுப்பினால் வெற்றிலை என்று சொல்லிவிடுவார்கள்.