டேனிஷ் கவிதையைக் காதால் அலசுவது

டேனிஷ் கவிதை ஒன்றைக் கையில் கொடுத்ததும், என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் பென்சிலை எடுத்து அசை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். நான் அனுமதிப்பதில்லை. முதலில் வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். கூடவே மேசையில் விரலால் தட்டுங்கள். தட்டு தானாக விழும் இடம்தான் அழுத்தமான அசை. நம் யாப்பில் குறில் நெடில் பார்த்து நேர், நிரை பிரிக்கிறோம். டேனிஷ் செய்யுளோ அழுத்தத்தை வைத்து நடக்கிறது. நேர் நிரைக் கணக்கை அங்கே கொண்டுபோனால் ஒன்றும் தேறாது.

பழகுவதற்கு ஆடம் ஓலென்ஸ்லேயர் 1802இல் எழுதிய 'பொற்கொம்புகள்' நல்ல கவிதை. டென்மார்க்கின் கல்லேஹூஸ் என்ற ஊரில் 1639இலும் 1734இலும் கிடைத்த பழங்காலக் கொம்புகள் இரண்டும் கோப்பன்ஹேகனில் திருடப்பட்டு உருக்கப்பட்ட ஆண்டு அது. தொடக்கம் ஏறக்குறைய இப்படி ஒலிக்கும்:

டி ஹீயர் ஓ ஸோயர்
இ காம்லெ போயர்,
இ ஓப்லுக்டெ ஹொய்யெ
மெத் ஸ்பைடெனெ ஒய்யெ

பழைய நூல்களிலும் திறந்த புதைமேடுகளிலும் கூர்ந்த கண்ணோடு ஏங்கித் தேடுகிறார்கள் என்பது பொருள்.

தட்டிப் பாருங்கள். அடிக்கு இரண்டே தட்டு: முதல் அடியில் ஹீ, ஸோ, இரண்டாம் அடியில் காம், போ. ஆனால் முதல் அடியில் இரண்டு தட்டுக்கும் நடுவே மெல்லிய அசைகள் இரண்டு. அடுத்த அடியில் ஒன்றுதான். தட்டின் எண்ணிக்கை மாறாமல் நிற்க, இடைவெளி மட்டும் நீண்டு சுருங்குகிறது. தேடுகிறவர்களின் பரபரப்பு எனக்கு அங்கேதான் கேட்கிறது. உங்களுக்கு வேறு ஏதாவது கேட்டால் அதை எழுதுங்கள்; 'அடிக்கு இரண்டு அழுத்தம்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது பாதி விடைதான்.

இயைபு எளிது: இரண்டிரண்டு அடிகளாக. ஒவ்வொரு இயைபும் அழுத்தமான அசையில் தொடங்கி மெல்லிய அசையில் முடிவதால், அடி ஓய்ந்து நிற்காமல் அடுத்ததற்குள் வழுக்கிப் போகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. அச்சில் நான்கு அடிகளின் கடைசிச் சொல்லிலும் குறுக்குக் கோடு போட்ட அதே உயிரெழுத்து. கண்ணை நம்பி 'நான்கிலும் ஒரே ஒலி' என்று எழுதிவிடாதீர்கள். முதல் இரண்டில், ஏ சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து உதட்டைக் குவித்தால் வரும் ஒலி. அதைத்தான் வேறு வழியின்றி ஓ என்று எழுதியிருக்கிறேன். அடுத்த இரண்டில், இன்றைய உச்சரிப்பில், 'ஒய்'.

பிறகு தொலைவில் கேட்கும் எதிரொலிகளைத் தேடுங்கள். மேலே காட்டாத ஆறாம் அடியில் 'முல்னெ', எட்டாம் அடியில் 'ஸ்முல்னெதெ': மக்கிய மண்மேடும் நொறுங்கிய எலும்பும் ஒரே ஒலியால் கட்டப்பட்டிருக்கின்றன. மோனைகளைப் பட்டியல் போடுவதைவிட இப்படி ஒன்றைப் பிடிப்பது மேல்.

இயைபே இல்லாத புதுக்கவிதை வந்தால், அடி எங்கே உடைகிறது, எந்தச் சொல் திரும்புகிறது என்று பாருங்கள். இங்கர் கிறிஸ்டென்சென் 1981இல் வெளியிட்ட 'அகரவரிசை'யில் அடிகளை எண்ணவே வேண்டும்: பகுதிகள் 1, 2, 3, 5, 8 என ஃபிபனாச்சி வரிசையில் (முந்தைய இரண்டு எண்களின் கூட்டல்தான் அடுத்த எண்) வளர்கின்றன, 'இருக்கிறது' என்ற வினை திரும்பத் திரும்ப வருகிறது.