இறுகிய பனிச்சரிவுக்கு ஸ்கீ: தேர்வும் தீட்டலும்

ஆல்ப்ஸ் சரிவுகளில் இயந்திரம் சமன்செய்த பனி இரவில் உறைந்து, காலையில் கல்லாய் இறுகிக் கிடக்கும். அதற்குப் பாதத்தடியில் 65 முதல் 75 மி.மீ. அகலமுள்ள ஸ்கீ (பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீண்ட பலகை) போதும். அகலம் கூடினால் விளிம்புக்குச் சாய்க்க நேரமாகும், முழங்காலும் நோகும்.

பிடிமானமெல்லாம் ஸ்கீயின் இருபுறமும் ஓடும் எஃகு விளிம்பில்தான். அடிப்பக்கச் சரிவு (விளிம்பின் அடிமுகம் அடித்தளத்திலிருந்து மேல்நோக்கிச் சாயும் அளவு) 0.5 முதல் 1 டிகிரி, பக்கவாட்டுக் கோணம் (விளிம்பின் பக்கமுகம் அடித்தளத்தோடு சேரும் கோணம்) 87 அல்லது 88 டிகிரி. அடிப்பக்கத்தை அடிக்கடி அராவாதீர்கள்: கூடிப்போன சரிவைக் குறைக்க அடித்தளம் முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டிவரும். பக்கவிளிம்பை, கோணச் சட்டத்தில் பொருத்திய அரத்தால் முனையிலிருந்து வால்நோக்கி ஒரே திசையில் இழுங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால், மேலேயுள்ள பிளாஸ்டிக் பக்கச்சுவர் இடிக்கிறது. முதலில் அதைச் சீவுங்கள். பிறகு 200, 400, 600 எண் வைரக்கற்களால் (எண் கூடக்கூடக் கல் நுண்மையாகும்) வரிசையாக, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கடைசியில் பிசிறை, அதாவது அராவியதில் விளிம்பில் நீட்டிநிற்கும் மெல்லிய உலோக இழையை, ரப்பர் கல்லால் மெல்லத் தடவி நீக்குங்கள். பிசிறு நின்றால் திருப்பத்தில் ஸ்கீ பனியைக் கவ்விக்கொண்டு விடாது. அதற்குப் பயந்து விளிம்பையே மழுக்குகிறவர்கள் உண்டு, தீட்டியதே வீண்.